மீனின் கண்ணால் பார்த்து வாங்கு!

கண்ணு, மண்புழுவைத் தூண்டில் முள்ளில் கோத்து மீன் பிடிப்பது உனக்குத் தெரியும். பிளாஸ்டிக்கில் செய்த புழுவைக் கோத்தாலும் மீன் கடிக்கும் என்றால் நம்புவாயா?

“வாசனை வேண்டாமா? ருசி வேண்டாமா? மீன் அவ்வளவு ஏமாளியா மாமா?” என்று உடனே கேட்கிறாய் பார், அதுதான் எனக்குப் பிடித்தது. சொன்னதைச் சொன்னபடி நம்பாமல் கேள்வி கேட்கிற பிள்ளை நீ.

அந்தப் பொய்ப் புழுவைத் தூண்டில்காரர்கள் ‘லூர்’ என்பார்கள். அமெரிக்காவில் ‘பாஸ்’ என்றொரு நன்னீர் மீன் இருக்கிறது. அதைப் பிடிக்க இந்த மெத்தென்ற பிளாஸ்டிக் இரைகளுக்கு அங்கே பெரிய மவுசு. தூண்டில் சாமான் விற்கும் கடைக்குள் நுழைந்தால் ஒரு சுவர் முழுக்க இவைதான் தொங்கும். புழு, பல்லி, தவளை, நண்டு, குட்டி மீன் என்று ஏகப்பட்ட உருவம். ஒவ்வொன்றிலும் வரிசை வரிசையாக நிறங்கள். மினுமினுப்பு வேறு!

எதை வாங்குவது? எல்லாவற்றையும் வாங்கக் காசு கட்டுப்படியாகுமா?

இதற்கு ஒரே ஒரு வழிதான். கடைக்குப் போகிறவர் தன் கண்ணை மறந்துவிட்டு மீனின் கண்ணால் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் ஐந்து உருவமும் மூன்று நிறமும் போதும். எப்படி என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போமா?

முதலில் மீனைத் தெரிந்துகொள்

பாஸில் இரண்டு வகை பேர்போனவை. ஒன்று பெரியவாய் பாஸ். இன்னொன்று சிறியவாய் பாஸ். இரண்டும் வட அமெரிக்காவின் ஏரிகளிலும் ஆறுகளிலும் பிறந்து வளர்ந்தவை.

அடையாளம் சுலபம். மீன் வாயை மூடியிருக்கும்போது பக்கவாட்டில் பார். மேல்தாடை கண்ணைத் தாண்டிப் பின்னால் போனால் பெரியவாய். கண்ணுக்குக் கீழேயே நின்றுவிட்டால் சிறியவாய்.

பெரியவாய் பாஸ் பதுங்கி வேட்டையாடும். பாசி, கோரை, தண்ணீரில் விழுந்த மரம், படகுத்துறையின் நிழல் இவைதான் அதன் மறைவிடம். இரை பக்கத்தில் வந்ததும் வாயைத் திடீரென்று அகலத் திறக்கும். திறந்த வேகத்தில் தண்ணீர் உள்ளே பாயும். தண்ணீரோடு இரையும் உள்ளே போய்விடும். தண்ணீர் செவுள் வழியாக வெளியேறும். இரை மட்டும் தங்கும். கண் இமைக்கும் நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

இப்படித் தின்று தின்று எவ்வளவு பெரிதாக வளரும் தெரியுமா? 1932-ஆம் ஆண்டு ஜூன் 2-ஆம் தேதி ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி என்பவர் பிடித்த பெரியவாய் பாஸ் 22 பவுண்டு 4 அவுன்ஸ். அதாவது பத்து கிலோவுக்குக் கொஞ்சம் மேலே! அது உலக சாதனை.

இரை இருப்பதை பாஸ் எப்படிக் கண்டுபிடிக்கிறது? மோப்பமும் உண்டு. ஆனால் அது பெரிதும் நம்புவது இரண்டை. ஒன்று கண். இன்னொன்று பக்கக்கோடு.

பக்கக்கோடு என்பது செவுளுக்குப் பின்னாலிருந்து வால்வரை உடம்பின் பக்கவாட்டில் ஓடும் கோடு. அடுத்த முறை மீன் வாங்கும்போது பார், பல மீன்களில் வெறும் கண்ணுக்கே தெரியும். அந்தக் கோட்டில் நுண்ணிய மயிர் கொண்ட உணர்வணுக்கள் இருக்கின்றன. தண்ணீர் லேசாக அசைந்தாலும் அவை வளையும். வளைந்ததும் மூளைக்குச் செய்தி போகும். இருட்டிலும் கலங்கல் தண்ணீரிலும் பக்கத்தில் ஏதோ நெளிகிறது என்று மீனுக்குத் தெரிவது இதனால்தான்.

புரிகிறதா? அப்படியானால் நல்ல லூர் செய்ய வேண்டிய வேலை இரண்டு. கண்ணுக்கு இரையாகத் தெரிய வேண்டும். பக்கக்கோட்டுக்கு இரையாக அசைய வேண்டும். இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொள். கடைசிவரை உதவும்.

இந்தப் புழு ஏன் இவ்வளவு மெத்தென்று இருக்கிறது?

ரப்பர் புழுக்கள் ரொம்ப காலமாகவே இருந்தன. ஆனால் அவை விறைப்பானவை. 1949-ல் ஒஹையோ மாநிலத்தின் ஏக்ரன் நகரில் நிக் க்ரீம் என்பவர் பிளாஸ்டிக்கைக் காய்ச்சி, அச்சில் ஊற்றி ஒரு புழு செய்தார். அது தொட்டால் நெளிந்தது. பாஸ் மீன்பிடிப்பையே அந்தப் புழு மாற்றிவிட்டது.

அதில் உள்ள பிளாஸ்டிக் என்ன தெரியுமா? பி.வி.சி.! உன் வீட்டுத் தண்ணீர்க் குழாய் செய்கிற அதே பி.வி.சி.தான்.

“குழாய் விறைப்பாக இருக்கிறதே?” என்று கேட்பாய். நல்ல கேள்வி. பி.வி.சி.யின் மூலக்கூறுகள் நீண்ட சங்கிலிகள். அவை ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டிருப்பதால் குழாய் விறைக்கிறது. புழு செய்யும்போது எண்ணெய்த் தன்மையுள்ள ஒரு திரவத்தைச் சேர்க்கிறார்கள். அதற்கு நெகிழ்வூட்டி என்று பெயர். அது சங்கிலிகளுக்கு நடுவில் புகுந்துகொள்ளும். சங்கிலிகள் வழுக்கி நகரும். பிளாஸ்டிக் மெத்தென்று ஆகிவிடும்.

இட்லி மாவை நினைத்துக்கொள். காய்ச்சுவதற்கு முன்னால் இந்தக் கலவையும் மாவு மாதிரியே வெள்ளையாக, ஊற்றுகிற பதத்தில் இருக்கும். ஏறக்குறைய 175 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால் தெளிந்து பாகாகும். அச்சில் ஊற்றி ஆறவிட்டால் புழு தயார். மாவில் தண்ணீர் கூடினால் இட்லி இளகிவிடும் அல்லவா? இங்கே நெகிழ்வூட்டி கூடினால் புழு இளகும். ஒரே ஒரு வித்தியாசம். வெந்த இட்லியை மறுபடி மாவாக்க முடியாது. கிழிந்த புழுவை மறுபடி உருக்கி வார்க்கலாம். நீ வீட்டில் செய்து பார்க்காதே! அந்தப் புகை மூச்சுக்குக் கெடுதல்.

மெத்தென்று இருப்பதால் என்ன லாபம்? தண்ணீர் லேசாகப் பட்டாலே நெளியும். அது ஒன்று. மீன் வாய்க்குள் போனதும் கல்லாகக் கடிபடாது. அதனால் உடனே துப்பாமல் கொஞ்ச நேரம் வைத்திருக்கும். தூண்டில்காரருக்கு அந்த ஒரு விநாடி போதும். இது இரண்டு. மூன்றாவதைக் கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்.

ஐந்து உருவங்கள்

ஒன்று: வால் நெளியும் நீளப் புழு. நீளம் ஏழு அங்குலம். வால் பகுதி மெல்லிய ரிப்பனாக வளைந்திருக்கும். மெதுவாக இழுத்தாலே வால் அலையலையாக நெளியும். அந்த அசைவு பக்கக்கோட்டுக்கு எட்டும். பாசி மண்டிய இடத்துக்கும் வெதுவெதுப்பான தண்ணீருக்கும் ஏற்றது.

ஆனால் பாசிக்குள் போட்டால் முள் மாட்டிக்கொள்ளாதா? மாட்டாமல் இருக்க ஒரு முறை உண்டு. ‘டெக்சஸ் ரிக்’ என்பார்கள். கவனமாகப் பார்.

முதலில் தூண்டில் நரம்பில் துப்பாக்கிக் குண்டின் வடிவத்தில் ஒரு எடையைக் கோப்பார்கள். பிறகு முள்ளைக் கட்டுவார்கள். முள்ளின் கூர்நுனியைப் புழுவின் மூக்கில் அரை சென்டிமீட்டர் அளவுக்குக் குத்தி, பக்கவாட்டில் வெளியே எடுப்பார்கள். முள்ளைத் திருப்பி, அதன் மேல்வளைவு மூக்குக்குள் பதியும்வரை இழுப்பார்கள். கடைசியில் கூர்நுனியை மறுபடி புழுவின் உடம்பில் குத்தி உள்ளேயே மறைத்துவிடுவார்கள். புழு நேராக நிற்க வேண்டும். கோணினால் தண்ணீரில் சுழன்று நரம்பை முறுக்கிவிடும்.

இப்போது முள் வெளியே இல்லை. பாசியில் மாட்டாது. மீன் கவ்வியதும் தூண்டிலைச் சுண்டினால் மெத்தென்ற பிளாஸ்டிக் வழிவிடும். கூர் வெளியே வந்து மீனின் வாயில் ஏறும். மெத்தென்று இருப்பதன் மூன்றாவது லாபம் இதுதான்!

இரண்டு: குச்சிப் புழு. ஐந்து அங்குலம். வால் இல்லை, கால் இல்லை. கடையில் பார்த்தால், “இதையா மீன் கடிக்கும்?” என்று நீ சிரிப்பாய். கேரி யமமோட்டோ என்பவர் 1990-களில் உருவாக்கிய ‘செங்கோ’ இந்த வகையில் புகழ்பெற்றது. அவர் பேனா ஒன்றைப் பார்த்துத்தான் இந்த வடிவத்தை எடுத்தார் என்று சொல்வார்கள்.

இதன் ரகசியம் உப்பு. பிளாஸ்டிக்கில் நிறைய உப்புத்தூளைக் கலந்திருப்பார்கள். உப்பு கனமானது. ஆகவே எடை எதுவும் கட்டாமலே புழு மெல்ல மூழ்கும். நடுவில் முள்ளைக் குத்தி விட்டால் இரண்டு நுனியும் சிலிர்த்துச் சிலிர்த்து இறங்கும். தண்ணீர் குளிர்ந்து மீன் சோம்பலாக இருக்கும் நாளில் இது நன்றாக வேலை செய்யும்.

மீன் ஏன் சோம்பலாகிறது? மீனுக்கு நம்மைப் போல் நிலையான உடல்வெப்பம் கிடையாது. தண்ணீர் குளிர்ந்தால் அதன் உடம்பும் குளிரும். செரிமானமும் ஓட்டமும் குறையும். அப்போது வேகமாக ஓடுவதை அது துரத்தாது. சரிதானே?

மூன்று: நண்டுக் கால் உரு. பாஸ் விரும்பித் தின்னும் உணவுகளில் ஒன்று கிரேஃபிஷ். சிங்கி இறாலின் நன்னீர்ச் சொந்தக்காரன் அது. முன்னால் இரண்டு கொடுக்கு இருக்கும். ஆபத்து வந்தால் வாலைச் சுண்டிப் பின்பக்கமாகப் பாயும். அதனால் இந்த லூரையும் வால்பக்கம் முன்னால் வரும்படி கோப்பார்கள். கொடுக்குகள் பின்னால் அலைந்துகொண்டே வரும். பாறையும் கூழாங்கல்லும் உள்ள அடித்தரையில் இதைத் தத்தித் தத்தி இழுக்க வேண்டும்.

நான்கு: துடுப்புவால் மீன். மூன்று நான்கு அங்குலக் குட்டி மீன். வாலுக்கு முன்னால் உடம்பு மெலிந்திருக்கும். வால் மட்டும் தட்டையாக, துடுப்பின் நுனியாக நிற்கும். இழுக்கும்போது தண்ணீர் வாலின் இரு ஓரத்திலும் மாறி மாறிச் சுழித்துப் பிரியும். சுழி இந்தப் பக்கம் பிரிந்தால் வால் இங்கே உதைக்கும். அந்தப் பக்கம் பிரிந்தால் அங்கே உதைக்கும். நீந்தும் மீனின் அதிர்வு கிடைத்துவிடும். பாஸ் சுறுசுறுப்பாகக் குட்டி மீன்களைத் துரத்தும் நேரத்துக்கு இதுதான் சரி.

ஐந்து: குழாய். உள்ளே காலியாக இருக்கும். கீழ்ப்பக்கம் இழை இழையாகக் கிழித்திருக்கும். 1970-களில் பாபி கார்லண்ட் என்பவர் அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் இதைப் பிரபலமாக்கினார். தலையில் எடையுள்ள முள்ளை இதன் உள்ளே செருகி விட்டால் சுற்றிச் சுற்றி இறங்கும். தெளிந்த தண்ணீரில் சிறியவாய் பாஸைப் பிடிக்க நம்பகமானது.

“தவளை எங்கே மாமா?” என்கிறாயா? பாசி தண்ணீரின் மேலேயே பாய் விரித்திருக்கும் இடத்துக்கு மிதக்கும் ரப்பர் தவளை உண்டு. அதை நீ நம் ஊரிலேயே பார்க்கலாம். விரால் பிடிக்கும் தூண்டில்காரர்கள் அல்லி இலைகளின் மேல் இழுத்துக்கொண்டு வருவது அந்தத் தவளையைத்தான். ஆனால் அது எல்லா இடத்துக்கும் ஆகாது. அதனால் நம் ஐந்தில் அதைச் சேர்க்கவில்லை.

மூன்று நிறங்கள்

இனி மீனின் கண்ணுக்கு வருவோம். பெரியவாய் பாஸின் விழித்திரையில் நிறம் பார்க்கும் கூம்பணுக்கள் இரண்டு வகை. ஒன்று சிவப்புக்கு, ஒன்று பச்சைக்கு. நமக்கு மூன்று வகை.

அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2019-ல் வெளியிட்டார்கள். ஒரு நிறத்தைத் தேடிப் போனால் தீனி கிடைக்கும் என்று பாஸ்களைப் பழக்கினார்கள். சிவப்புக்கும் பச்சைக்கும் பழகிய மீன்கள் அவ்வளவாகத் தப்பு செய்யவில்லை. ஆனால் நீலத்துக்குப் பழகிய மீன் கருப்போடு குழம்பியது. பளிச்சென்ற இளமஞ்சள் பச்சைக்குப் பழகிய மீன் வெள்ளையோடு குழம்பியது!

இப்போது கடைச் சுவரை மறுபடி பார். கருப்பு ஒரு பாக்கெட், கருநீலம் ஒரு பாக்கெட் தொங்குகிறது. உன் கண்ணுக்கு வேறு வேறு. மீனுக்கு? நீயே சொல்லிவிட்டாய்! ஒன்று வாங்கினால் போதும்.

முதல் நிறம், பழுப்பு கலந்த பச்சை. கிரேஃபிஷ், அடித்தரை மீன் எல்லாம் ஏறக்குறைய இந்த நிறம்தான். தெளிந்த தண்ணீருக்கும் பெரும்பாலான நாட்களுக்கும் இதுவே போதும்.

இரண்டாவது, கருப்பு. கலங்கல் தண்ணீருக்கும் அந்தி நேரத்துக்கும். ஏன் கருப்பு? இன்று மாலை சூரியன் மறைந்ததும் மொட்டைமாடியில் நின்று மேலே பார். பறக்கிற காக்கை கருப்பாகத் தெரியும். கொக்கும் கருப்பாகத்தான் தெரியும்! பின்னால் வானம் வெளிச்சமாக இருப்பதால் முன்னால் வருவது நிழலுருவாகிவிடுகிறது. மீனும் பல நேரம் கீழிருந்துதான் இரையைப் பார்க்கிறது. கரிய இரையின் வெளிக்கோடு அதற்குத் தெளிவாகத் தெரியும்.

மூன்றாவது, வெள்ளை. துடுப்புவால் மீனுக்கு. ஏரியில் திரியும் குட்டி மீன்களின் வயிறு வெள்ளிவெள்ளையாக இருக்கும் அல்லவா?

நீயே தேர்ந்தெடு பார்க்கலாம்

ஃப்ளோரிடா மாநிலத்தில் ஓக்கிசோபி என்றொரு ஏரி. பரப்பு ஏறக்குறைய 1,900 சதுர கிலோமீட்டர். ஆனால் சராசரி ஆழம் 3 மீட்டர்கூட இல்லை. கரையோரத்தில் வெயில் அடிவரை போவதால் கோரையும் பாசியும் மண்டிக்கிடக்கும். அந்தி சாய்கிறது. இன்று தண்ணீர் கலங்கல். எதை எடுப்பாய்?

கருப்பு நிற நீளப் புழு, டெக்சஸ் ரிக்கில் கோத்தது. சபாஷ்!

இன்னொன்று. அமெரிக்காவின் வடக்கே ஈரி என்றொரு ஏரி. தண்ணீர் தெளிவு. அடியில் பாறை. சிறியவாய் பாஸ். இப்போது?

பழுப்புப் பச்சையில் குழாய். இல்லை என்றால் நண்டுக் கால் உரு. இரண்டும் சரி. ஏன் சரி என்று உன் தங்கைக்குச் சொல்லிப் பார். சொல்ல முடிந்தால் உனக்குப் புரிந்துவிட்டது என்று அர்த்தம்.

எடையிலும் ஒரு பாடம்

எடைக்கு முன்பெல்லாம் ஈயக்குண்டுதான். ஒரு கன சென்டிமீட்டர் ஈயம் 11.3 கிராம். அதே அளவு டங்ஸ்டன் 19.3 கிராம். ஆகவே அதே எடைக்கு டங்ஸ்டன் குண்டு சிறியதாக இருக்கும். பாசிக்குள் எளிதாக நுழையும். ஈயம் நஞ்சு என்பது இன்னொரு காரணம். ஏரியில் அறுந்து விழுந்த ஈயக்குண்டை விழுங்கி லூன் என்ற அழகான நீர்ப்பறவைகள் அமெரிக்காவில் செத்திருக்கின்றன. டங்ஸ்டன் விலை அதிகம்தான். ஆனாலும் என் ஓட்டு அதற்கே.

லூர்களை வைப்பதிலும் கவனம் வேண்டும். டி.பி.இ. என்ற வேறொரு ரப்பர் வகையில் செய்த, மிதக்கும் லூர்களும் உண்டு. அவற்றையும் பி.வி.சி. லூர்களையும் ஒரே பெட்டியில் போட்டால் உருகி ஒட்டிக்கொள்ளும். அதனால் வாங்கிய பாக்கெட்டிலேயே வைக்க வேண்டும்.

கடைசியாக இரண்டு சேதி

பிளாஸ்டிக் புழு மண்புழுவைப் போல மக்காது. கிழிந்ததைத் தண்ணீரில் வீசினால் அங்கேயே கிடக்கும். சில வகை ஊறிப் பருத்துவிடும். மீன் அதை விழுங்கினால் வயிற்றில் சிக்கிக்கொள்ளும். இதனால் 2013-ல் மெய்ன் மாநிலத்தில் இந்த லூர்களைத் தடைசெய்ய வேண்டும் என்று ஒரு மசோதாவே வந்தது.

இன்னொரு சேதி ஜப்பானிலிருந்து. 1925-ல் அங்கே ஆஷி ஏரியில் பெரியவாய் பாஸைக் கொண்டுவந்து விட்டார்கள். அது பல ஏரிகளுக்குப் பரவியது. உள்ளூர்ச் சிறு மீன்களைத் தின்று தீர்த்தது. 2009-ல் ஜப்பானின் பீவா ஏரியில் மனாபு குரிட்டா என்பவர் பிடித்த பாஸ், ஜார்ஜ் பெர்ரியின் சாதனையைச் சமன் செய்தது. உலகமே கைதட்டியது. ஆனால் அதற்கு நான்கு ஆண்டு முன்னதாகவே, 2005-ல், அந்த மீனை உயிரோடு வளர்க்கவும் வேறு இடத்துக்குக் கொண்டுபோகவும் ஜப்பான் சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது. சொந்த ஏரியில் நல்ல மீன், அந்நிய ஏரியில் தொல்லை.

ஆகையால் கண்ணு, மாமா உன்னிடம் கேட்பது மூன்றே மூன்று. தூண்டில் முள்ளைத் தொடும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். அறுந்த நரம்பையும் கிழிந்த பிளாஸ்டிக்கையும் கரையில் கண்டால் பொறுக்கிக் குப்பைத்தொட்டியில் போடு. கண்ணாடித் தொட்டியில் வளர்த்த வெளிநாட்டு மீன் எதையும் நம் குளத்திலோ ஏரியிலோ கொண்டுபோய் விடாதே.